உடைந்திருந்தால் ஓடாவது இருக்குமே

புதுச்சேரியில் மண்பாண்டம் செய்து விற்றுப் பிழைக்கிறேன். ஒரு கடையை நம்பி 96,400 ரூபாயையும் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டையும் இழந்தேன். அந்த நாட்களில் யாரிடம் கேட்பது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. இந்த ஊரில் எனக்கு முன்பே குறைந்தது நான்கு பேருக்கு அதே கடையில் அதே கதி நேர்ந்திருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. அவர்களில் ஒருவராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் தப்பியிருப்பேன். அந்த வார்த்தையை நானாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் இந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1971 இல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற இரண்டு அமெரிக்கர்கள் இங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். டெபோரா ஸ்மித் அங்கே தட்டு, கோப்பை என்று சாப்பாட்டு மேசைப் பாத்திரங்கள் செய்யும் பட்டறையை வளர்த்தெடுத்தார். மீக்கர் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். பச்சை மண்ணால் வீடு கட்டி அந்த வீட்டையே சூளையாக்கிச் சுட்டுப் பார்த்தவரும் அவர்தான். அங்கே கற்றவர்கள் ஊருக்குள்ளும் ஆரோவில் பக்கமும் தனித்தனிப் பட்டறை போட்டார்கள். அவர்களிடம் கற்றவர்கள் மேலும் சில பட்டறைகள் போட்டார்கள். நான் மூன்றாம் தலைமுறை என்று வைத்துக்கொள்ளலாம். இதற்கெல்லாம் பல தலைமுறைகள் முன்பிருந்தே வில்லியனூர்ப் பக்கத்தில் சுடுமண் வேலை நடந்துவருகிறது. அந்த வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்த மரபில் வந்த முனுசாமி ஐயாவுக்கு 2020 இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். செராமிக் வாங்க வேண்டும் என்றே வெளியூர்க்காரர்கள் பஸ் ஏறி இந்த ஊருக்கு வருவதற்கு இந்த இரண்டு ஊற்றுகளும்தான் காரணம்.

இங்கே நான் கண்ட பெருந்தன்மையை வேறு எந்தத் தொழிலிலும் கண்டதில்லை. கிளேஸ் என்று நாங்கள் சொல்வது பாத்திரத்தின் மேல் உருகிக் கண்ணாடி போலப் படியும் பூச்சு. ஒரு நல்ல கிளேஸைக் கண்டுபிடிக்க ஒருவருக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். சாம்பல் எத்தனை பங்கு, சுண்ணாம்பு எத்தனை பங்கு என்று கேட்டால் அப்படியே எழுதிக் கொடுத்துவிடுவார்கள். சூளை சரியாக ஏறவில்லை என்று இரவு பதினோரு மணிக்கு அழைத்தாலும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். ஆனால் எந்தக் கடை பணம் தருகிறது, எந்தக் கடை இழுத்தடிக்கிறது, எத்தனை சதவீதம் கமிஷன் என்பதை மட்டும் யாரும் வாய் திறந்து சொல்லமாட்டார்கள். கலைஞர்கள் காசைப் பேசுவது தாழ்வு என்ற எண்ணமா, ஏமாந்ததைச் சொல்ல வெட்கமா, இருக்கிற கடையும் போய்விடுமோ என்ற பயமா, தெரியவில்லை. எனக்கு இந்த மூன்றும் இருந்தன.

2016 இல் விழுப்புரம் பக்கத்திலிருந்து இங்கே ஒரு பட்டறைக்கு உதவியாளாக வந்தேன். ஐந்து ஆண்டு மண் பிசைந்து, சூளை அடுக்கி, சக்கரத்தில் கை பழகிய பிறகு 2021 இல் சொந்தமாக ஒரு தகரக் கொட்டகையும் சின்ன கேஸ் சூளையும் போட்டேன். செய்வது ஸ்டோன்வேர், அதாவது 1,250 டிகிரிக்கு மேல் சுடுகிற கெட்டியான வகை. ஒரு முறை சூளையைச் சுட வணிக சிலிண்டர் இரண்டு செலவாகும். பதின்மூன்று மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். முதல் இரண்டு ஆண்டு தெரிந்தவர்கள் வழியாக விற்றேன். 2024 ஜனவரியில் பிரெஞ்சுக்காரர்கள் இருந்த பகுதியில் ஒரு அழகான கடையின் உரிமையாளர் கொட்டகைக்கே வந்தார். ஒவ்வொரு கோப்பையையும் எடுத்துத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தார். அடியில் நான் மீன் வடிவத்தில் ஒரு முத்திரை அழுத்துவேன். அதைக் கவனித்து விசாரித்த முதல் ஆள் அவர்தான். அந்த ஒன்றிலேயே நான் கரைந்துபோனேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

“கொண்டுவந்து வையுங்கள். விற்றதும் மாதாமாதம் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். கடைக்கு நாற்பது, உங்களுக்கு அறுபது” என்றார். இதைத்தான் கன்சைன்மென்ட் என்கிறார்கள். பொருள் அவரிடம் இருக்கும், உரிமை நம்மிடம் இருக்கும், விற்றால்தான் பணம். முறை ஒன்றும் தவறானதில்லை. தவறு எங்கே என்றால், நான் ஒரு துண்டுக் காகிதமும் வாங்காமல் ஜனவரியிலிருந்து அக்டோபர் வரை 212 உருப்படிகளைக் கொண்டுபோய் வைத்தேன். விற்பனை விலையில் 2,31,000 ரூபாய்ச் சரக்கு. என் பங்கு 1,38,600. அந்தக் காலத்தில் எனக்கு வந்தது மூன்று தவணையாக 31,000. ஒவ்வொரு முறையும் எதை விற்றார், எது மிச்சம் என்ற விவரமே இல்லாமல் ஒரு தொகை மட்டும் வந்தது. கேட்டால், “சீசன் முடியட்டும், மொத்தமாகப் பார்த்துவிடலாம்” என்பார். நானும் சரி என்பேன்.

இடையில் ஆகஸ்டில் அவரே தன் விருந்தினர் விடுதிக்கு 160 தட்டும் கிண்ணமும் கேட்டார். இது கன்சைன்மென்ட் இல்லை, நேரடி ஆர்டர். ஒன்று 550 ரூபாய் என்று பேசி மொத்தம் 88,000. முன்பணம் 30,000 கொடுத்தார். மண், கேஸ், உதவிக்கு வைத்த பெண்ணின் கூலி எல்லாம் சேர்த்தால் அந்த முன்பணம் பாதி வழியிலேயே தீர்ந்துவிட்டது. மீதியை என் அம்மா சேர்த்து வைத்திருந்த பணத்திலிருந்து போட்டேன். செப்டம்பர் இறுதியில் 160 உருப்படிகளும் போய்ச் சேர்ந்தன. மீதி 58,000 வரவில்லை. முன்பணத்தைப் பற்றி என் அனுபவம் சொல்வது இதுதான். மொத்தத்தில் இத்தனை சதவீதம் என்று பொதுவாகக் கேட்காதீர்கள். மண்ணுக்கும் சூட்டுக்கும் கூலிக்கும் ஆகிற தொகையைக் கணக்குப் போட்டு அதை முழுதாக முன்பே வாங்கிவிடுங்கள். பிறகு பணம் வராமல் போனாலும் உங்கள் உழைப்பு மட்டும்தான் போகும். வீட்டுப் பணம் போகாது.

நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் காலை வரை 46 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. இங்கே இருந்தவர்கள் அந்த இரவை மறக்கமாட்டார்கள். என் கொட்டகையில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. சுடாமல் காய வைத்திருந்த பச்சைக் கோப்பைகள் எல்லாம் கரைந்து மறுபடி சேறாகிவிட்டன. அதற்கு நான் அழவில்லை, மண் மண்ணாகத்தானே இருக்கிறது என்று வாளியில் அள்ளி வைத்தேன். நான்கு நாள் கழித்துக் கடைக்காரர் அழைத்தார். ரெயின்போ நகரில் இருக்கும் தன் கிடங்கில் வெள்ளம் புகுந்துவிட்டதாகவும், என் சரக்கில் பெரும்பகுதி நாசமாகிவிட்டதாகவும், இயற்கைச் சீற்றத்துக்கு யார் பொறுப்பேற்க முடியும் என்றும் சொன்னார். குரலில் உண்மையான சோர்வு இருந்தது. நானும் அவருக்கு ஆறுதல் சொன்னேன்.

அன்றிரவு படுத்த பிறகுதான் பொறி தட்டியது. 1,250 டிகிரி சுட்ட பாத்திரத்தை வெள்ளம் என்ன செய்யும்? ஒரு மாதம் தண்ணீருக்குள் கிடந்தாலும் எடுத்துக் கழுவித் துடைத்து வைத்தால் புதுசுதான். அலமாரி சாய்ந்து விழுந்திருந்தால் உடைந்திருக்கும், உண்மை. ஆனால் உடைந்தால் ஓடு இருக்குமே. மறுநாள் காலை நேராகப் போய் அதைத்தான் கேட்டேன். “உடைந்த ஓடுகளையாவது காட்டுங்கள், எண்ணிக்கொள்கிறேன்.” சேற்றோடு சேர்த்து நகராட்சி வண்டியில் அள்ளிவிட்டார்கள் என்றார். எத்தனை உருப்படி என்று கேட்டேன். “நீங்கள் கொடுத்ததே மொத்தம் தொண்ணூறோ என்னவோ இருக்கும்” என்றார். அந்த நிமிடம் என் கை கால் எல்லாம் சில்லிட்டுப்போனது. 212 என்று எனக்குத் தெரியும், ஆனால் அதைச் சொல்ல என் கையில் ஒன்றுமே இல்லை.

என்னைக் காப்பாற்றியது என் சூளை நோட்டு. ஒவ்வொரு சூட்டுக்கும் தேதி, எந்தத் தட்டில் என்ன அடுக்கினேன், எந்த நேரத்தில் எத்தனை டிகிரி, திறந்தபோது எத்தனை தேறியது என்று எழுதி வைக்கும் பழக்கத்தை நான் வேலை கற்ற பட்டறையில் ஊட்டியிருந்தார்கள். அதோடு கடைக்குக் கிளம்பும் முன் அம்மாவுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் படங்கள் இருந்தன. “இன்றைக்கு இவ்வளவு போகிறது அம்மா” என்று பெருமைக்கு அனுப்பியவை. இரண்டையும் வைத்து ஒன்பது நாள் உட்கார்ந்து 212 உருப்படிகளையும் பட்டியலிட்டேன். 2025 ஜனவரியில் ஒரு தோழி சென்னையில் தன் உறவினர் வீட்டில் எடுத்த படம் ஒன்றை அனுப்பினாள். வெள்ளத்தில் போனதாகச் சொன்ன என் உயரமான கூஜா அவர்கள் மேசைமேல் நின்றது. டிசம்பர் 20 தேதி போட்ட பில்லும் அவர்களிடம் இருந்தது. அடியைத் திருப்பிப் படமெடுக்கச் சொன்னேன். மீன் இருந்தது. அதனால் சொல்கிறேன், சின்ன உருப்படியாக இருந்தாலும் அடியில் உங்கள் அடையாளம் இருக்கட்டும். முடிந்தால் ஒரு வரிசை எண்ணையும் கீறிவிடுங்கள்.

பிப்ரவரியில் வழக்கறிஞரிடம் போனேன். அவர் சொன்ன மூன்று விஷயங்களை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். ஒன்று, கன்சைன்மென்ட் சரக்கு கடைக்காரரிடம் ஒப்படைத்த பொருள். 1872 ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் பொருளைப் பார்த்துக்கொள்வது போல அவர் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படிப் பார்த்துக்கொண்டும் அழிந்துபோனால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் நஷ்டம் நம்முடையதுதான். ஆகவே வெள்ளம், திருட்டு, தீ, உடைசல் யார் கணக்கு என்று முன்பே எழுதிக்கொள்ள வேண்டும். கடைக்காரர் சரக்குக்குக் காப்பீடு வைத்திருந்தால் அதில் நம் பொருளும் அடங்குமா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு, பாக்கிப் பணத்துக்கு வழக்குப் போட மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் என் தொகைக்கு வழக்கின் செலவும் காலமும் கட்டுப்படியாகுமா என்பதை நானே யோசித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது விஷயம்தான் எனக்கு மிகவும் வலித்தது. 2006 ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. கொட்டகையில் தனியாக உட்கார்ந்து கோப்பை செய்கிற நானும் அதன்படி ஒரு குறு நிறுவனம். உத்யம் என்ற பதிவைச் செய்திருந்தால், நேரடியாக வாங்கியவர் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லாதபோது 15 நாளிலும், ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் தந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. நீதிமன்றம் போகாமல் இதற்கென்றே இருக்கும் வசதியாக்கக் கவுன்சிலில் முறையிடலாம். விடுதிக்குக் கொடுத்த 160 உருப்படிகளுக்கு இது அப்படியே பொருந்தும். ஆனால் பொருளைக் கொடுப்பதற்கு முன்பே பதிந்திருக்க வேண்டும் என்று 2021 இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் சொல்லியிருக்கிறது என்றார். நான் அப்போது பதிந்திருக்கவில்லை. இத்தனைக்கும் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. ஆதார், பான் இரண்டும் கையில் இருந்தால் அரசு இணையதளத்தில் அரை மணி நேர வேலை. இது தெரியாமல் ஒரு இன்டர்நெட் மையத்தில் 1,500 ரூபாய் கொடுத்துப் பதிந்தேன். அந்தக் காசும் தண்டம். இதைப் படிக்கிற யாரும் மெழுகுவத்தி செய்பவராக இருந்தாலும் தோல் பை தைப்பவராக இருந்தாலும் இன்றைக்கே பதிந்துவிடுங்கள். பதிவு எண்ணை பில்லின் தலையிலேயே அச்சடியுங்கள். சிறு நிறுவனங்களுக்குக் குறித்த காலத்தில் பணம் தராவிட்டால், உண்மையில் பணம் தருகிற ஆண்டில்தான் அந்தத் தொகையைச் செலவுக் கணக்கில் காட்ட முடியும் என்று 2024 ஏப்ரலிலிருந்து வருமான வரியிலும் ஒரு விதி வந்திருக்கிறது. வாங்குபவரின் ஆடிட்டரே அவரை நெருக்குவார்.

வக்கீல் நோட்டீஸுக்கு 3,500 செலவானது, பதில் வரவில்லை. அந்த வாரம் வில்லியனூர் போயிருந்தேன், நவராத்திரிக்குப் பொம்மை செய்கிற ஒரு பெரியவரிடம் செம்மண் வாங்க. முகத்தைப் பார்த்ததும், “என்ன பாப்பா, சூளை வெடித்துவிட்டதா?” என்று கேட்டார். முதன்முதலாக ஒருவரிடம் முழுக் கதையும் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய், அட்டை கிழிந்த நீளமான கணக்கு நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து திண்ணையில் விரித்தார். தேதி, பொம்மை வகை, எண்ணிக்கை, வாங்கியவர் பெயர், கையெழுத்து. பழைய பக்கங்களில் கையெழுத்துக்குப் பதிலாக ஊதா மையில் கட்டைவிரல் ரேகைகள். “என் மச்சானுக்குக் கொடுத்தாலும் கைநாட்டு வாங்காமல் வண்டியில் ஏற்றமாட்டேன். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு” என்றார். எத்தனையோ பயிற்சி முகாம்களில் எனக்குக் கிடைக்காத பாடம் அந்தத் திண்ணையில் கிடைத்தது. பிறகு அவர் கேட்டார், “அந்தக் கடையில் உன் சரக்கு மட்டும்தான் இருந்ததா?”

அந்தக் கேள்விதான் எல்லாவற்றையும் மாற்றியது. கடையில் பார்த்திருந்த பொருட்களை நினைவுபடுத்தி ஒவ்வொருவராகத் தேடிப் போனேன். கைக்காகிதத்தில் நோட்டுப் புத்தகம் செய்கிற ஒருவர், தோல் வேலை செய்கிற ஒரு அக்கா, மரக் கரண்டி செதுக்குகிற ஒரு தம்பி, என்னைப் போலவே இன்னொரு மண்பாண்டக்காரர். நேரு வீதியில் ஒரு டீக்கடையில் ஐந்து பேரும் உட்கார்ந்து தொகைகளை ஒரே தாளில் எழுதினோம். யார் முதலில் எழுதுவது என்று கொஞ்ச நேரம் யாருமே பேனாவைத் தொடவில்லை. பிறகு அந்த அக்கா எழுதினார். அவருக்கு மட்டுமே என்னைப் போல இரண்டு மடங்கு பாக்கி. மூன்று ஆண்டாக வீட்டில்கூடச் சொல்லவில்லையாம்.

மார்ச்சில் ஐந்து பேரும் ஐந்து பட்டியலோடு ஒன்றாகப் போனோம். சத்தம் போடவில்லை. கடையில் வாடிக்கையாளர்கள் இருந்த நேரம். வெளியே படியில் அமைதியாக உட்கார்ந்தோம். அரை மணி நேரத்தில் அவரே உள்ளே அழைத்தார். கூஜா படத்தையும் பில்லையும் மேசைமேல் வைத்தேன். எனக்கு 47 உருப்படிகள் திரும்பி வந்தன, என் பங்கு விலையில் 31,200 ரூபாய். ஜூன் வரை மூன்று தவணையில் 38,000 பணமாக வந்தது. மொத்தப் பாக்கி 1,65,600 இல் இவை இரண்டும் போக மீதி 96,400. அதற்கு மேல் துரத்த எனக்குத் தெம்பில்லை, சக்கரத்தில் உட்கார்ந்தே நான்கு மாதம் ஆகியிருந்தது. அப்படி விட்டது சரியா என்று இப்போதும் சில இரவுகளில் யோசிக்கிறேன்.

அந்த டீக்கடைச் சந்திப்பு நிற்கவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு சந்திக்கிறோம், இப்போது பதினான்கு பேர். எந்தக் கடை எத்தனை நாளில் பணம் தருகிறது என்று ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். தமிழில் ஒரே பக்கத்தில் ஒரு படிவம் தயாரித்திருக்கிறோம். உருப்படி எண், படம், விலை, பங்கு, ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள் கணக்கு, விற்கும் வரை பொருள் செய்தவருடையது, கேட்டால் ஏழு நாளில் திருப்பித் தர வேண்டும், உடைசல் கடையின் பொறுப்பு, இரண்டு கையெழுத்து. புதுக் கடைக்கு முதல் முறை இருபது உருப்படிக்கு மேல் கொடுப்பதில்லை. அதற்குக் கணக்கு வந்த பிறகுதான் அடுத்த இருபது. பெரிய பட்டறை வைத்திருக்கும் மூத்தவர்கள் இரண்டு பேர் வந்து தங்கள் பழைய நஷ்டங்களைச் சொன்னார்கள். கிளேஸ் எழுதிக் கொடுப்பது போலவே சொன்னார்கள். இந்த ஊரின் கலை வளர்கிறது என்று விழா மேடைகளில் பேசும்போதெல்லாம் எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை நோட்டுதான் நினைவுக்கு வருகிறது.

போன வாரம் மிஷன் வீதியில் புதிதாகத் திறந்த ஒரு கடைக்காரர் அறுபது கோப்பை கேட்டார். இருபது எடுத்துக்கொண்டு போனேன், படிவத்தையும் நீட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு, “என்னம்மா, நம்பிக்கை இல்லையா?” என்றார். முன்பெல்லாம் இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்ததில்லை. கையெழுத்துப் போட்டால் இப்போதே இறக்கி வைத்துவிடுகிறேன் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். பெட்டியை மறுபடி ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு திரும்பிவிட்டேன். அவர் இன்னும் அழைக்கவில்லை. இருபது கோப்பைகளும் கொட்டகையில் ஜன்னலோர அலமாரியில் இருக்கின்றன, ஒன்று முதல் இருபது வரை எண் போட்டு.